நெடும்பயண மோட்டார் சைக்கிளில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் மாற்றும் முறை

நிறுவனம் பொருத்தித் தரும் ஸ்பீக்கர்கள் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஓரளவு ஒப்பேற்றிவிடும். துவாஸ் பாலத்தைக் கடந்து, மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வேகம் 100ஐத் தொட்டதும் அவற்றின் சாயம் வெளுத்துவிடும். பாடகரின் குரல் காற்றோடு போய்விட, இரைச்சல் மட்டும் காதில் நிற்கும். உடனே எல்லோரும் அதிக வாட் உள்ள ஆம்ப்ளிஃபையரைத் தேடிப் போகிறார்கள். நான் வேறு வழியைச் சொல்வேன். முதலில் தெளிவைத் தேடுங்கள், சத்தம் பிறகு வரட்டும்.

காரணம் இதுதான். அந்த வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதன் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், பாட்டின் பேஸ் ஒலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் மூழ்கிவிடும். பேச்சும் பாட்டு வரிகளும் புரிவதற்கு உதவும் ஒலி ஏறத்தாழ 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. உங்கள் பணமும் மின்சாரமும் அங்கேதான் போக வேண்டும்.

ஸ்பீக்கர் தேர்வு

கடைக்குப் போகும் முன் ஃபேரிங்கை, அதாவது வண்டியின் முன்பக்க மூடியை, கழற்றி அளவெடுங்கள். முன்பக்க ஸ்பீக்கரின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும், 5¼ அங்குலமும் 6½ அங்குலமும் வழக்கமான அளவுகள். விட்டம் மட்டும் போதாது, பின்னால் இருக்கும் ஆழத்தையும் அளக்க வேண்டும். புதிய ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே இடித்தால் மூடி மூடாது.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வாட்டைப் பொருட்படுத்தாதீர்கள். ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தாங்கும் மின்திறன்), ஓம் (மின்தடை), உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) ஆகிய மூன்றையும் பாருங்கள். இவற்றில் உணர்திறனைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 93 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைக்கும். ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்கியும் இந்த 3 டெசிபலைத்தான் பெற முடியும். ஓமைப் பொறுத்தவரை ஒரே விதி: 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று குறிப்பிட்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரில் 2 ஓம் ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. இணைத்தால் அது சூடாகிக் கெட்டுப்போகும்.

கூம்பு பாலிப்ரொப்பிலீனாகவும் அதன் விளிம்பு ரப்பராகவும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலும் மழையும் காகிதக் கூம்பை நெடுநாள் விட்டுவைக்காது.

ஆம்ப்ளிஃபையரும் பேட்டரிக் கணக்கும்

ஹெட் யூனிட்டில் (வாகனத்தின் ரேடியோவில்) "50 வாட் x 4" என்று எழுதியிருந்தாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தொடர்ந்து தருவது 20 வாட் அளவுதான். பேட்டரியின் மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதி அதற்குள் இல்லாததே காரணம். தனி ஆம்ப்ளிஃபையரில் அது உண்டு. கிளாஸ் டி வகையை வாங்குங்கள். அளவில் சிறியது, அதிகம் சூடாகாது, ஏறக்குறைய 85 விழுக்காடு மின்சாரத்தை ஒலிக்குக் கொடுக்கும்.

ஒரு பக்கத்துக்கு 75 வாட் என்றால் மொத்தம் 150 வாட். அதை 0.85ஆல் வகுத்து, மீண்டும் 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 13 ஆம்பியர் வரும். முழுச் சத்தத்திலும் இசை தொடர்ந்து அவ்வளவு இழுப்பதில்லை என்பதால், பெரிய டூரிங் வாகனங்கள் இதைத் தாங்கும். 300 வாட்டுக்கு மேல் போனால் நிலைமை வேறு. சிவப்பு விளக்கில் நிற்கும்போது இயந்திரம் தரும் மின்சாரம் குறைந்துவிடும், மீதியைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். தொடங்குபவர்களுக்கு 75 வாட் தாராளம்.

2014க்குப் பிந்தைய ஹார்லியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் ஹெட் யூனிட் பழைய ஸ்பீக்கரின் குறைகளைச் சரிக்கட்டுவதற்காக ஒலியை முன்கூட்டியே மாற்றி அனுப்புகிறது. நல்ல ஸ்பீக்கரில் அது கோணலாகக் கேட்கும். முகவரிடம் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி சில்லு உள்ள ஆம்ப்ளிஃபையரை வாங்க வேண்டும்.

ஒயர், ஃப்யூஸ், கிரிம்ப் முனைகள் (ஒயரில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனைகள்) போன்றவற்றுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரைப் பாருங்கள். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம்.

ஒயர் இழுப்பது

அவசரப்படவே கூடாத பகுதி இது. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், வேலை முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

நேர்முனையிலிருந்து 8 கேஜ் செப்பு ஒயரை ஆம்ப்ளிஃபையர் வரை இழுங்கள். பேட்டரிக்கு மிக அருகில், அதிகம் போனால் 45 சென்டிமீட்டருக்குள், ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான். அது தொலைவில் இருந்தால், இடைப்பட்ட ஒயர் உரசிச் சட்டத்தைத் தொடும்போது தீப்பிடிக்கும். எதிர்முனை ஒயரையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். பெயின்ட் பூசிய சட்டத்தில் மாட்டினால் இணைப்பு சரியாக இருக்காது, இயந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ரீங்காரமும் ஸ்பீக்கரில் வரலாம். சிக்னல் ஒயரை மின் ஒயரிலிருந்து விலக்கி இழுப்பதும் இதற்காகவே.

இணைப்புகளைச் சால்டர் செய்வதை விட கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் குழாய் போடுவது நல்லது. சால்டர் ஏறிய ஒயர் விறைத்து, அதிர்வில் ஓரத்தில் முறிந்துவிடும். கைப்பிடி திரும்பும் இடத்தில் ஒயரைத் தளர்வாக விட்டு, கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரை இயக்கும் ரிமோட் ஒயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையர் அணையாமல் பேட்டரியைக் காலி செய்துவிடும். உங்கள் வாகனத்தில் கணினி வலைப்பின்னல் வழியாக எல்லாம் இயங்கினால், கண்ட ஒயரைக் கீறி இணைப்பு எடுக்காதீர்கள். பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்பீக்கரின் நேர், எதிர் முனைகள் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒயரின் மறுமுனையில் 1.5 வோல்ட் பேட்டரியை, அதன் நேர்முனை நேர் ஒயரில் படும்படி, ஒரு நொடி தொடுங்கள். சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் போனால் குரல் வெளிறிப்போகும்.

ஆம்ப்ளிஃபையரைக் காற்றோட்டமுள்ள இடத்தில், ஒயர் முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். மழைநீர் ஒயர் வழியே வழிந்து உள்ளே இறங்காது.

ஒலியைச் சரிசெய்தல்

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் கெயினை (ஒலிப்பெருக்க அளவை) முற்றிலும் குறைத்து, ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள். ஹெட் யூனிட்டை முக்கால் சத்தத்தில் வைத்து 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் ஒரு சானலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கெயினை மெல்ல ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி. 6½ அங்குலத்துக்கு 80 ஹெர்ட்ஸ், 5¼ அங்குலத்துக்கு 100 ஹெர்ட்ஸ். காற்றில் கேட்கவே போகாத பேஸுக்காகக் கூம்பு வீணாகக் குதிப்பது நிற்கும், குரல் சட்டென்று முன்னால் வரும். பாட்டைவிடப் பேச்சில் இதைச் சோதிப்பது எளிது. ஒலி 96.8 வானொலிச் செய்தியை வைத்துக்கொண்டு விரைவுச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். காது அடைப்பானையும் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபலுக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பான அளவு என்றும், கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது என்றும் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையாஷ் அமைப்பு வகுத்திருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையும் முன் ஒலியைக் குறைத்துவிடுங்கள். அங்கே சுவர்கள் எதிரொலிக்கும், மேலே பிள்ளைகள் தூங்குவார்கள்.

வாகனத்தின் பெட்டியை வெட்டவோ வெளித்தோற்றத்தை மாற்றவோ எண்ணினால், முன்கூட்டியே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நீண்ட பயணம் முடிந்து திரும்பியதும் ஃபேரிங்கை மறுபடி திறந்து, ஃப்யூஸ் பிடிப்பானைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கே கிரிம்ப் தளர்ந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.