கியூ காய்ச்சல் தடுப்பூசி: ஊசிக்கு முன்னே ஒரு வாரம்

ஆஸ்திரேலியாவில் இறைச்சிக்கூடத்திலோ ஆட்டுப்பண்ணையிலோ வேலைக்குச் சேர இருப்பவர், சேரும் நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே கியூ காய்ச்சல் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். 1935இல் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் மருத்துவர் எட்வர்ட் டெரிக் ஆராயத் தொடங்கிய இந்நோய், காக்சியெல்லா பர்னெட்டி என்னும் பாக்டீரியாவால் உண்டாகிறது. மாடும் ஆடும் ஈனும்போது வெளிவரும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் மிகுந்து காணப்படும் இக்கிருமி, காய்ந்து தூசியோடு கலந்து, விலங்கைத் தொட்டே அறியாதவரின் மூச்சிலும் புகுந்துவிடும். ஆகவே கால்நடைகளை அறுப்போர், கம்பளி கத்தரிப்போர், கால்நடை மருத்துவர்கள் ஆகியோர் மட்டுமல்லாமல், அவர்களுடைய வேலையுடைகளைத் துவைப்போரும் இத்தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களே.

மற்றத் தடுப்பூசிகளைப் போல, போனவுடன் போட்டுக்கொண்டு திரும்பக்கூடிய ஊசி அல்ல இது. ஏற்கெனவே இந்நோய் வந்தவருக்கோ, முன்பே இத்தடுப்பூசி போட்டவருக்கோ மறுபடி போட்டால், ஊசி போட்ட இடம் கடுமையாக வீங்கிச் சீழ்க்கட்டியாகவும் மாறலாம். இதைத் தவிர்க்கவே மூன்று வழிகளில் சோதிக்கிறார்கள்.

முதலாவது, உங்கள் வாய்மொழி. முன்பு இறைச்சிக்கூடத்தில் வேலை செய்ததையும், காரணம் தெரியாமல் நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், ஆஸ்திரேலியக் கியூ காய்ச்சல் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்டை இல்லை என்பதற்காக இன்னொரு முறை போட்டுக்கொள்வது ஆபத்தானது. முட்டை ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றையும் இப்போதே தெரிவிக்க வேண்டும். பதினைந்து வயது நிறைந்தவர்களுக்கே இது பதிவு பெற்ற தடுப்பூசி.

இரண்டாவது, இக்கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்று காணும் இரத்தப் பரிசோதனை. மூன்றாவது, தோல் சோதனை. எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் தேவைப்படுவது இதுவே. நீர்த்த தடுப்பூசி மருந்தில் 0.1 மில்லிலிட்டரை முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள் மட்டும் நிற்குமாறு செலுத்துவார்கள். சிறிய கொப்புளம் போல அது எழும்பும். ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்தாலும் அதைக் கொண்டு முடிவு சொல்வதில்லை. ஏழாம் நாள், பயிற்சி பெற்றவர் அவ்விடத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார். எவ்வளவு சிறிய தடிப்பு தட்டுப்பட்டாலும் உங்களுக்குத் தடுப்பூசி கிடையாது. அது ஏமாற்றமல்ல, கிருமியை உங்கள் உடல் முன்பே அறிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு எழுதுபவரிடம், தொட்டுப் பார்க்குமாறு தயங்காமல் கேளுங்கள்.

மூன்றிலும் தடையில்லை என்றால், 0.5 மில்லிலிட்டர் மருந்தைத் தோலுக்கு அடியில் ஒரே முறை போடுவார்கள். கை வலியும் தலைவலியும் சில நாள் இருக்கலாம். பிறகு ஊக்க ஊசி எதுவும் தேவையில்லை; போடவும் கூடாது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 15 நாட்கள் ஆகும் என்பதால், அதுவரை கால்நடைகள் உள்ள இடங்களுக்கு உங்களை அனுப்பக் கூடாது என்று முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. இந்த இடைவெளியை வேலை நெருக்கடி காரணமாகச் சுருக்குவதுதான் எனக்குப் பெருங்கவலை.

ஊசி போட்ட விவரம் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தடுப்பூசிக்குச் சற்று முன்பே கிருமி தொற்றியிருந்தால் ஊசி அதைத் தடுக்காது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் 2 முதல் 3 வாரங்கள் ஆகும். அக்காலத்தில் கடும் தலைவலியும் வியர்வையும் காய்ச்சலுமாக இருந்தால், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.