ஃபைல் பெயரின் வாலில் இருக்கும் எழுத்துகள்: தெரியாதவர்களுக்கு ஒரு செய்முறை

போன மாதம் சித்தி மகள் ஒரு வேலைக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டோ ஜேபிஜியாக இருக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. அவளிடம் இருந்ததோ ஐபோன் தன் போட்டோக்களைச் சேமிக்கும் எச்இஐசி வடிவம். பெயரை மாற்றினால் தீர்ந்தது என்று, கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு ஜேபிஜி என்று அடித்துவிட்டாள். ஏற்றிப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய கட்டம் காலி. அன்றுதான் கடைசி நாள், மணி இரவு பத்தரை. எனக்குப் போன் வந்தது.

"ஜேபிஜின்னு மாத்திட்டேனே அண்ணா, அப்புறம் ஏன் வரலை?"

நம் சமையலறைகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் உளுந்துதானே இருக்கும்? ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனும் அந்த பாட்டில் மேல் ஒட்டிய லேபிள் மாதிரிதான். லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறாது. சொன்னால் மனதில் நிற்காது, செய்து பார்த்துவிடுவோம்.

படி 1: லேபிளைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

விண்டோஸ், தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை நம்மிடமிருந்து மறைத்தே வைத்திருக்கும். என்னைக் கேட்டால் அதன் மோசமான பழக்கம் இதுதான். விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் 'வியூ'வை அழுத்தியதுமே அந்தக் கட்டம் தெரியும்.

படி 2: வேண்டுமென்றே ஏமாற்றுங்கள்

நோட்பேடைத் திறந்து 'வணக்கம்' என்று மட்டும் அடித்து, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்று இருக்கும். வலது கிளிக், 'ரீநேம்', அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட்டு ஜேபிஜி என்று போடுங்கள். ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். பரவாயில்லை, 'யெஸ்' கொடுங்கள்.

ஐகான் படத்தின் ஐகானாக மாறிவிடும். டபுள் கிளிக் செய்தால் போட்டோஸ் செயலி ஓடி வந்து, திறக்க முடியவில்லை என்று கையை விரிக்கும். இப்போது வலது கிளிக், 'ஓப்பன் வித்', நோட்பேட். 'வணக்கம்' அப்படியே இருக்கிறது! எந்தச் செயலியைக் கூப்பிடுவது என்று விண்டோஸுக்குச் சொல்வதுதான் எக்ஸ்டென்ஷனின் வேலை. பழையபடி டிஎக்ஸ்டி என்று மாற்றிவிட்டால் எல்லாம் சரி.

உண்மையிலேயே ஜேபிஜி வேண்டுமென்றால், படத்தைத் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்து அதில் ஜேபிஜியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன்காரர்கள் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்துவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் போட்டோக்கள் ஜேபிஜியாகவே வரும். அன்றிரவு பதினொன்றுக்குள் படிவம் போய்விட்டது.

படி 3: ஒரு வேர்டு ஃபைலைப் பிரித்துப் பாருங்கள்

படங்கள் உள்ள டாக்எக்ஸ் ஃபைல் ஒன்றை நகல் எடுத்து (நகலை மட்டும்!), எக்ஸ்டென்ஷனை ஜிப் (பல ஃபைல்களைச் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டுவது) என்று மாற்றித் திறங்கள். உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டர், அதற்குள் 'மீடியா'. ஆவணத்தில் ஒட்டிய படங்களெல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆஃபீஸ் 2007-இல் வந்த டாக்எக்ஸ் (வேர்டு), எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல்), பிபிடிஎக்ஸ் (பவர்பாயின்ட்) மூன்றுமே உண்மையில் ஜிப் மூட்டைகள்தான். வேர்டில் ஒட்டி அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாகச் சேமிக்கத் திணறுபவர்களுக்கு இது நல்ல குறுக்கு வழி.

படி 4: அடிக்கடி வருபவை

பிடிஎஃப்: எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் கலையாது. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வேர்டு ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அதையே எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் தமிழ் தமிழாகவே போய்ச் சேரும்.

ஜேபிஜி போட்டோவுக்கு. அளவைக் குறைக்கக் கொஞ்சம் தரத்தை விட்டுக்கொடுக்கும். திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் தேய்ந்துகொண்டே போகும். லோகோ, ஸ்கிரீன்ஷாட் போன்றவற்றுக்கு பிஎன்ஜி. ஜேபெக் என்று நான்கெழுத்தில் வந்தாலும் அதே ஜேபிஜிதான். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பெயருக்கு 8, எக்ஸ்டென்ஷனுக்கு 3 எழுத்துதான் இடம். அதில் ஓர் எழுத்து உதிர்ந்துபோயிற்று.

எக்ஸ்எல்எஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (இரண்டுமே எக்செல் ஃபைல்கள்): ஓர் எழுத்துதானே என்று நினைக்காதீர்கள். பழையதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரி, புதியதில் 10,48,576. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றப்போய், வரி தீர்ந்து, 15,841 பேரின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது.

எம்பி3 பாட்டு, எம்பி4 வீடியோ. இவை உங்களுக்கே தெரியும்.

படி 5: தொடக்கூடாதவை

விண்டோஸில் ஈஎக்ஸ்ஈ, விபிஎஸ், பேட்; ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் ஏபிகே. இவை படிப்பதற்கோ பார்ப்பதற்கோ உள்ளவை அல்ல; திறந்தால் வேலை செய்யத் தொடங்குபவை. 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்தது. பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி, அதற்குப் பிறகு இன்னொரு புள்ளி வைத்து விபிஎஸ். விண்டோஸ் கடைசித் துண்டை மறைத்துவிட, வெறும் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். படி 1-ஐ முதலில் வைத்தது இதற்காகத்தான்.

இப்போது அதே வித்தை வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே-ஆக வருகிறது. பத்திரிகை என்றால் ஜேபிஜியாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோ வரும், ஏபிகே-ஆக வராது. அனுப்பியவர் சொந்த மாமாவே ஆனாலும் திறக்காமல் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் போனுக்குள் வேறு யாரோ புகுந்து அதை அனுப்பியிருப்பார்கள், அவருக்கே அது தெரிந்திருக்காது.