'டிக்ளைன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கத் தொடங்குபவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'டிக்ளைன்'. குறைதல், மறுத்தல் என இதற்கு இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

படி 1: 'டு'வைக் கவனியுங்கள்

'டிக்ளைன்'க்குப் பின் வரும் 'டு'வை அடுத்து எண் வந்தால் குறைவு. வினைச்சொல் வந்தால் மறுப்பு. 'சேல்ஸ் டிக்ளைன்ட் டு 500' என்றால் விற்பனை 500 ஆகக் குறைந்தது. 'ஹி டிக்ளைன்ட் டு காமென்ட்' என்றால் அவர் கருத்துக் கூற மறுத்தார். 'டு'வுக்குப் பதில் 'பை' வந்தால், எவ்வளவு குறைந்தது என்ற அளவு: 'டிக்ளைன்ட் பை 500'. இந்த இரண்டையும் குழப்பினால் செய்தியே தவறாகிவிடும்.

படி 2: வேகத்தைப் பாருங்கள்

படிப்படியான தேய்வுக்கே இச்சொல் மிகவும் பொருந்தும். 1990களில் தொடங்கி இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகு வகை) 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாடுகளின் உடல் வழியாக அவற்றைக் கொன்றது. 2006இல் அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. பல ஆண்டுகள் நீண்ட இந்தப் பேரிழப்பை 'டிக்ளைன்' என்றுதான் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். பங்குச் சந்தை ஒரே நாளில் தலைகுப்புற விழுந்தால் 'பிளஞ்ச்' என்பதே பொருத்தம்.

படி 3: பெயர்ச்சொல்லாக

'எ டிக்ளைன் இன் சேல்ஸ்': எது குறைந்ததோ அதற்கு முன் 'இன்'. ஒரு பேரரசோ கலையோ நலிந்ததைச் சொல்ல 'ஆஃப்': 'தி டிக்ளைன் ஆஃப் தி ரோமன் எம்பயர்'.

படி 4: மறுக்கும்போது

'ரெஃப்யூஸ்' முகத்தில் அடித்தாற்போல் ஒலிக்கும், 'டிக்ளைன்' பணிவானது. அழைப்பை ஏற்க இயலாதபோது இதையே எழுதுங்கள். வங்கி அட்டை ஏற்கப்படாவிட்டாலும் 'கார்டு டிக்ளைன்ட்' என்றுதான் திரையில் வரும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அழைப்பை மறுத்தாலும் குற்றச்சாட்டை மறுத்தாலும் தமிழில் 'மறுத்தார்' போதும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. குற்றச்சாட்டு என்றால் 'டினை'. ஆகவே, பணத்தைத் திருடவில்லை என்று அவர் மறுத்ததை 'ஷி டினைட் ஸ்டீலிங் தி மணி' என்று எழுதுங்கள். அங்கே 'டிக்ளைன்ட்' வராது.