ஃபுட்சால் பயிற்சி: நிற்கச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே!

எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் நாலு கோன், பாஸ் போடு, வரிசைக்குப் பின்னால் போய் நில். ஃபுட்சாலில், அதாவது அணிக்கு ஐந்து பேராக உள்ளரங்கில் ஆடும் கால்பந்தில், பல கோச்சுகளின் பயிற்சி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் பாஸைத் தனியாகவும் ஓட்டத்தைத் தனியாகவும் பழக்கினால், பந்து காலை விட்டுப் போனதும் வேலை முடிந்தது என்று உடம்பு பழகிவிடுகிறது. மேட்சில் அதே பையன் பாஸ் போட்டுவிட்டு, பந்து எங்கே போகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான், நாம் வெளியிலிருந்து "ஓடு, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்துவோம்.

வரிசையைக் கலைத்துவிட்டுச் சின்னச் சதுரம் ஒன்று போடுங்கள். பக்கத்துக்கு ஒருவராக மூன்று பேர், நடுவில் பந்தைப் பறிக்க ஒருவர் (டிஃபெண்டர்), நாலாவது பக்கம் காலி. பந்து வைத்திருப்பவனுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆள் இருந்தாக வேண்டும், அது ஒன்றுதான் விதி. அவன் வலப்பக்கம் பாஸ் போட்டால் ஓட வேண்டியது யார்? போட்டவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை, இடப்பக்கம் நின்ற மூன்றாவது ஆள். அவன்தான் காலிப் பக்கத்துக்கு வர வேண்டும். இது பிள்ளைகளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் பொறுமையிழந்து ஒவ்வொரு பாஸுக்கும் விசில் ஊதி நிறுத்திப் பாடம் எடுத்தால் காரியம் கெட்டது.

ஓடச் சொன்னதும் அடுத்து வரும் தவறு, சீக்கிரமே ஓடிவிடுவது. பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இவன் போய்ச் சேர்ந்து, டிஃபெண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கை காட்டுவான். அந்த ஓட்டம் வீண். டிஃபெண்டரை நோக்கி இரண்டடி வைத்து, அவன் பின்வாங்கியதும் சட்டென்று திரும்பி வந்து வாங்கச் சொல்லுங்கள்.

பந்து விஷயத்தில் சமரசமே வேண்டாம். பெரிய மைதானத்துப் பந்தை உள்ளே கொண்டுவந்து பழகினால் எல்லாமே தப்பாகத்தான் பழகும். ஃபுட்சால் பந்து 4-ஆம் எண் அளவு, 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எழும்பும். அதனால்தான் உள்ளங்காலால் மிதித்து அடக்குவது இங்கே எடுபடுகிறது. அதற்காக எல்லா பந்தையும் ஆணி அடித்த மாதிரி நிறுத்தவும் வேண்டாம், டிஃபெண்டருக்கு எட்டாத காலால் வாங்கி, அடுத்து போக வேண்டிய பக்கமாக உருட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் இன்னொரு தவறு, 4 விநாடி விதியைப் பயிற்சியில் எண்ணாமல் விடுவது. பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் காலால் உள்ளே போடுவதுதான் கிக்-இன், அதை 4 விநாடிக்குள் போட்டாக வேண்டும். அதற்கு யாராவது ஆற அமர நடந்து வந்து நேரத்தைத் தாண்டினால் அங்கேயே பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுங்கள். கோல்கீப்பர் விதியும் அப்படித்தான்: அவர் தந்த பந்து எதிராளி யார் மேலும் படாமல் திரும்பி வந்தால், தன் பாதியில் அவர் அதைத் தொடக் கூடாது. இதைச் சொல்லாமலே "கஷ்டமென்றால் கீப்பருக்குக் கொடு" என்று பழக்கிவிட்டு, மேட்சில் ஃப்ரீ கிக் போனதும் ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போகும் கோச்சுகளும் இருக்கிறார்கள்.