குளிர்ந்த டீசல் எஞ்சின் கத்தினால் முதலில் எதைப் பார்ப்பது

டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் உரத்துக் கத்தத்தான் வேண்டும். அதை நோய் என்று நினைத்து, டீசல் பம்பில் இருக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை, அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூவை, திருகிக் குறைத்துவிடாதீர்கள். திருகோணமலையில் அநுராதபுரச் சந்திப் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். பழைய டொயோட்டா கார்களும் டொல்பின் வான்களும்தான் அதிகம் வருகின்றன. நிறைய வண்டிகளில் அந்த ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கிறது. ஆளாளுக்குத் திருகியிருக்கிறார்கள். உண்மையான கோளாறோ பெரும்பாலும் அங்கே இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் பாதையில் இருக்கிறது.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. டொயோட்டாவின் 2சி, 3எல் மாதிரியான எஞ்சின்கள் காற்றை 22, 23 மடங்கு அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தில் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரவு முழுக்க நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். டீசல் பற்றுவதற்குப் பிந்தும். ஒயிலும் தடிப்பாக இருக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் நடுங்கும், வெள்ளைப் புகை தள்ளும், சில நேரம் நின்றே போகும். அதனால்தான் தயாரித்தவர்களே சூடாகும் வரை ஐட்லிங்கைக் கூட்டி வைக்க ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

பழைய பம்ப் உள்ள பல டொயோட்டாக்களில் அந்த வேலையைச் செய்வது ஒரு மெழுகுக் குப்பி. பம்பின் பக்கத்தில் இரண்டு மெல்லிய ஹோஸ்கள் போய்ச் சேரும் இடத்தில் அதைப் பார்க்கலாம். எஞ்சின் தண்ணீர் அதைச் சுற்றி ஓடுகிறது. குளிரில் மெழுகு சுருங்கியிருக்கும்போது ஒரு ஸ்ப்ரிங் லீவரை இழுத்து ஐட்லிங்கைக் கூட்டும், டீசல் தெளிக்கும் நேரத்தையும் சற்று முந்த வைக்கும். தண்ணீர் சூடாக மெழுகு விரிந்து அந்த லீவரைத் திருப்பித் தள்ளிவிடும். வயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. சுத்தமான தண்ணீர் ஓடினால் பல வருடம் பிழைக்கும். சில வண்டிகளில் இதற்குப் பதிலாக டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். யாராவது அதை இழுத்துவிட்டு மறந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சரி, எவ்வளவு கத்தினால் சரி? சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 800 தடவை வரை சுற்றினால் குளிரில் 1000, சில வண்டிகளில் 1200 வரையும் போகலாம். நம் ஊரில் விடியற்காலையிலும் குளிர் குறைவு. மெழுகு பாதி விரிந்தபடிதான் இருக்கும், ஆகவே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மார்கழி மழையில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். நிலாவெளியில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் தம்பி ஒருவர் தை மாதம் நுவரெலியாவில் தங்கிவிட்டு விடியவே எனக்குப் போன் எடுத்தார்: "அண்ணா, வான் இப்படி ஒருநாளும் கத்தினதில்லை, பம்ப் போயிட்டுது போல." "ஒன்றும் செய்யாதே, மெதுவாக ஓட்டிக்கொண்டு இறங்கு" என்றேன். கண்டிக்கு வரும் முன்னரே சத்தம் அடங்கிவிட்டது. அங்கே குளிர் பத்துப் பாகை அளவுக்கு இறங்கும். மெழுகு முழுதாகச் சுருங்கியிருக்கும். அந்தத் தம்பி அங்கேயே யாரிடமாவது ஸ்க்ரூவைத் திருகக் கொடுத்திருந்தால் திருகோணமலை வெயிலில் வண்டி ஒவ்வொரு சந்தியிலும் நின்றிருக்கும்.

ஆக, கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. உப்புவெளியிலிருந்து புறப்பட்டு டவுனுக்குள் நுழையும்போதே ஐட்லிங் இறங்கத் தொடங்க வேண்டும். நிலாவெளியிலிருந்து வந்து சேர்ந்த பிறகும் இறங்கவில்லை என்றால் தேட வேண்டியதுதான்.

முதலில் ஏசியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஏசி போட்டால் ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்ட ஒரு டயாப்ரம் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் ஏசி இல்லாமலும் ரேஸ் இறங்காது. பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள். கடற்காற்று நம் வண்டிகளைச் சும்மா விடுவதில்லை. கேபிளின் உறைக்குள் துரு பிடித்தால் பெடலை விட்டாலும் லீவர் முழுதாகத் திரும்பாது. பொனட்டைத் திறந்து லீவரைக் கையால் இழுத்து விடுங்கள். டக்கென்று போய் ஸ்க்ரூவில் முட்ட வேண்டும், கேபிளில் கொஞ்சம் தளர்வும் இருக்க வேண்டும். முட்டவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவது கொஞ்ச நாளைக்குத்தான்.

இரண்டும் சரியாக இருந்தால் தெர்மோஸ்டட் வால்வுக்கு வாருங்கள். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைப்பது அதுதான். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

வெயில் ஊர் என்பதால் இந்த வால்வைக் கழற்றி எறியும் பழக்கம் இங்கே ஊறிப்போய்விட்டது. "இது இருந்தால்தான் எஞ்சின் சூடாகும்" என்கிறார்கள். சூடாகத்தான் வேண்டும். பெரும்பாலான டொயோட்டா டீசல்களில் 82 பாகையில் திறக்கும் வால்வைப் போடுவது வெயில் ஊர்களையும் யோசித்துத்தான். அது இல்லாவிட்டால் தண்ணீர் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் வழியாகச் சுற்றும். காலையில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் அது வேண்டிய அளவுக்குச் சூடாகாது. மெழுகுக்கு அந்தச் சூடு போதாது. ஐட்லிங் இறங்காது, டீசல் கூடக் குடிக்கும், ஒயில் கெடும், சிலிண்டர் தேயும். இன்னொன்று: பல எஞ்சின்களில் அந்த வால்வின் அடித்தட்டுதான் சூடானதும் பைபாஸ் வழியை மூடுகிறது. வால்வு இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும். ஏற்றத்தில் பாரம் ஏற்றிப் போகும்போது, எதற்குப் பயந்து கழற்றினார்களோ அதுவே நடக்கும்.

உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சீ.ஈ. 100 கொரோலா இப்படித்தான் வந்தது. ஐட்லிங் இறங்காததால் ஒரு இடத்தில் ஸ்க்ரூவைக் குறைத்திருந்தார்கள். பிறகு தூர ஓட்டத்தில் நன்றாகச் சூடானதும் நடுங்கி நின்றது. இன்னோர் இடத்தில் பம்பையே கழற்றிச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "சேர், முதலில் வால்வைப் போடுவோம், பம்பைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வெறும் ஓட்டை. புது வால்வு போட்டு, ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததோடு வேலை முடிந்தது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மனிதரைப் பம்ப் வேலைக்குக் கடன் வாங்க வைத்திருப்பார்கள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று அறிய டாஷ்போர்டைப் பார்த்தால் போதும். வெப்ப முள் ஏறி, நடுவுக்குச் சற்றுக் கீழே நிலையாக நிற்க வேண்டும். ஓடும்போது இறங்கி, நின்றால் ஏறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. கழற்றிச் சோதிக்க, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். வால்வை நூலில் கட்டி, சட்டியின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். வால்வில் வெட்டியிருக்கும் இலக்கத்துக்குக் கிட்ட அது திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் நன்றாக விரிய வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வரட்டும். காற்று வெளியேறும் வழி அது. ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும்.

தண்ணீர் விடும்போது கிணற்று நீரை ஊற்றாதீர்கள். கரையோரக் கிணறுகளில் உவர் அதிகம். அது துருவையும் சுண்ணாம்பையும் கொண்டுபோய் அந்த மெல்லிய ஹோஸ்களில்தான் முதலில் அடைக்கும். நல்ல கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து விடுங்கள்.

வால்வு நன்றாக இருந்தும் ஐட்லிங் இறங்காவிட்டால், முள் நடுவுக்கு வந்த பிறகு எஞ்சினை நிறுத்தி மெழுகுக் குப்பியின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் அடைப்பு. இரண்டும் சூடாக இருந்தும் லீவர் நகரவில்லை என்றால் மெழுகு கசிந்துவிட்டது. அப்போது சூட்டிலும் எஞ்சின் டக்டக்கென்று கடுமையாக அடிக்கும், ஏனென்றால் டீசல் இன்னும் முந்தியே தெளிக்கப்படுகிறது. ஸ்க்ரூட்ரைவரால் அந்த லீவரை மெதுவாக மெழுகிலிருந்து விலக்கிப் பிடித்தால் ஐட்லிங் உடனே இறங்கும். மாற்ற வேண்டியது குப்பியை மட்டும்தான். பம்ப் டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) பார்ப்பவர் அந்த லீவருக்கும் மெழுகுக்கும் இடையே 9 மில்லிமீற்றர் அளவில் ஒரு தகடு வைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். வைக்காமல் அளந்தால் கிடைப்பது குளிர் எஞ்சினின் கணக்கு.

ஐட்லிங் ஸ்க்ரூவுக்குக் கடைசியில்தான் வரவேண்டும். எஞ்சின் முழுச் சூட்டில், ஏசியும் லைட்டும் அணைந்திருக்க, நட்டைத் தளர்த்திக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகுங்கள். அதிகம் குறைத்தால் ஒயில் லைட் மினுங்கும். பிரேக்குக்கு வேண்டிய வக்யூமும் குறையும், ஏனென்றால் இந்த எஞ்சின்களில் அதன் பம்ப் ஓல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றுகிறது. லீவரின் மறுபக்கம் கம்பி கட்டி ஈயம் வைத்த இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். அது உச்ச வேகத்துக்கு. அதைத் தொடவே கூடாது.

புதிய கொமன் ரெயில் வண்டிகளில் ஸ்க்ரூவே இல்லை. கம்ப்யூட்டர் தண்ணீர்ச் சூட்டை ஒரு சென்சர் மூலம் அறிந்து ஐட்லிங்கைத் தீர்மானிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கானரைப் பூட்டி வாசியுங்கள். வெளியே 27 பாகை என்றால் தண்ணீரும் அதற்குக் கிட்டவே காட்ட வேண்டும். சைபருக்குக் கீழே நாற்பது என்று காட்டினால் சென்சரோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. கடற்கரை வண்டிகளில் பிளக்கின் பச்சைக் களிம்பையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெடலைத் தொடாமலே ரேஸ் ஏறிக்கொண்டே போய், சைலன்சரில் புகை மண்டினால் அது குளிர் ஐட்லிங் இல்லை. எஞ்சின் தன் ஒயிலையே எரிக்கிறது. சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். நிற்காவிட்டால் பக்கத்தில் நிற்காமல் விலகுங்கள்.

என்னிடமோ வேறு யாரிடமோ இந்தக் கோளாறுக்காக வருகிறவர்கள் ஓட்டிக்கொண்டு வந்து சூடான வண்டியைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முதல் நாள் பின்னேரமே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது நீங்களும் பக்கத்தில் நின்று, அந்த லீவர் எங்கே நிற்கிறது, சூடானதும் எங்கே போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.