‘முறிவு’ என்று எழுதுவதற்கு முன்

“மகனை வேறு வச்சாச்சா, ஆச்சி?”

“வச்சாச்சு. தை பொறந்ததும் வச்சோம்.”

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் இப்படிப் பேசிக்கொள்வது சகஜம். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால், மாமியார் மருமகளுக்கு ஒத்துவரவில்லை, குடும்பம் உடைந்துவிட்டது என்றே நினைப்பார். உறவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இது, பெரிய தவறும்கூட. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வழக்கில் வேறு வைப்பது என்றால், கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு போட்டுக் கொடுப்பது. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் பெற்றவர்களே எடுத்து வைப்பார்கள். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்று அவர்களுக்கு. உலை தனி, வீடு ஒன்று. கோயில் கணக்கிலும் கல்யாணமானவர்கள் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம் ஆகிவிடுவார்கள். ஆக, அது ஒரு குடும்பம் தழைக்கிற செய்தி. அதைப் போய் ‘பிரிந்துவிட்டார்கள்’ என்று எழுதலாமா?

அடுத்தது, எல்லாச் சண்டைக்கும் ‘உறவு முறிவு’ என்று பெயர் வைப்பது. மனத்தாங்கல் என்றால் உள்ளுக்குள் வருத்தம், அவ்வளவுதான். பேச்சுவார்த்தை இல்லை என்றால் கோபம் முற்றியிருக்கிறது. போக்குவரத்து இல்லை என்றால் இன்னும் ஒரு படி மேலே. ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. அப்போதும் முறிந்தது என்று சொல்லிவிட முடியாது. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்பார்கள். சொத்துத் தகராறில் முகம் பார்க்காத பங்காளிகூட, ஒரு சாவு என்றால் வந்து நிற்பார். இனி ஒட்டவே ஒட்டாது என்று அவர்களே சொன்ன பிறகுதான் முறிவு என்ற சொல்லுக்கு வேலை.

கணவன் மனைவி விஷயத்தில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 10-ன் கீழ் நீதிமன்ற உத்தரவோடு பிரிந்து வாழலாம். ஆனால் திருமணம் அப்படியே இருக்கும், மறுமணம் செய்ய முடியாது. விவாகரத்து பிரிவு 13-ல் வருகிறது. மணமுறிவு என்பதும் இதுதான். தாய் வீட்டில் வந்து இருக்கிற பெண்ணை ‘மணமுறிவு ஆனவர்’ என்று எழுதுவது பொய்த் தகவல்.

‘முறிந்தது’, ‘முறித்தார்’ இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். முதலாவது யார்மேலும் பழி போடவில்லை. இரண்டாவது ஒருவரைக் குற்றவாளி ஆக்குகிறது. உறுதியாகத் தெரிந்தால் ஒழிய வேண்டாம்.

‘அறுத்துக்கிட்டு வந்துட்டா’ என்ற பேச்சை எழுத்தில் கொண்டுவரவே கூடாது. தாலி அறுப்பது என்பது கணவனை இழந்த பெண்ணுக்குச் செய்த கொடுமை. வழக்காடி, கையெழுத்துப் போட்டு, தன் வாழ்க்கையைத் தானே எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணை அந்தச் சொல் அமங்கலி ஆக்கிவிடுகிறது. ‘விவாகரத்து பெற்றவர்’ என்றால் போதும். அதுவும், சொல்ல வேண்டிய அவசியம் இருந்தால் மட்டும்.