வாய்மொழிக் குத்தகையைப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி?

நீடாமங்கலம் பக்கம் குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறவள் நான். இங்கே பயிர் வைப்பவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில். உழவர்களுக்கான மத்திய அரசின் உதவித் திட்டமான பி.எம். கிசான் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் பட்டாதாரருக்கே.

1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை தெளிவாக இருக்கட்டும். குத்தகை கொடுத்ததற்கு ரசீது கேட்பார்கள். நிலத்துக்காரரான மிராசுதார் எந்தக் காலத்தில் ரசீது கொடுத்தார்? சான்று கேட்கிற சட்டம், சான்றை அவர் கையிலேயே விட்டுவைத்திருக்கிறது! ஆகவே உரம் வாங்கிய சீட்டு, நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, பக்கத்து வயல்காரரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேருங்கள். குத்தகைத் தொகையை மிராசுதார் வாங்க மறுத்தால், 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். அந்தச் சலானை மிஞ்சிய ரசீது இல்லை. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.